சாம்பல் என்று போட்டிருந்த பக்கம்

1953, ஆவணி, வெள்ளி இரவு. சங்கரன்கோவில்.

கிராமப் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்களோடு, கல்லூரி நூலகத்துப் புத்தகப் பெட்டியுடன் நூலகரான நானும் வந்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் முதலில் புத்தகத்தைப் பார் என்பது நான் அவர்களுக்குப் பழக்கிவிட்ட பழக்கம்.

இன்று மேலநீலிதநல்லூரிலிருந்து ஒருத்தி பச்சைப்பிள்ளையை வண்டியில் கொண்டுவந்தாள். பிள்ளைக்கு உடம்பு விறைத்து, வாய் பூட்டிக்கிடந்தது. தொப்புளில் சாம்பல் அப்பியிருந்தது; தானே வைத்ததாக மாணவனிடம் சொல்லியிருக்கிறாள். மாணவன் பிள்ளையைத் தாய் மடியிலேயே விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். நான் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அறுத்த தொப்புளில் சாம்பலோ மண்ணோ வைத்தால் வரும் இசிவு. நாங்கள் திரும்பி வந்தபோது பிள்ளை இறந்திருந்தது. பக்கத்திலேயே இருந்திருந்தாலும் பிழைத்திருக்காது. அதுவும் அதே பக்கத்தில் இருக்கிறது.

அவள் அழவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்தாள்.

"எதனாலன்னு அதுல போட்டிருக்கா, ஐயா?"

மாணவன் என்னைப் பார்த்தான். சாம்பல் வைத்தது அவள் கைதான் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் போடலம்மா" என்றேன்.

"எங்க மதினிக்கு வார மாசம் பேறுகாலம். அதுக்குள்ள கண்டுபிடிச்சு எழுதிருவாவளா?"

நான் தலையாட்டினேன்.