மழைக்காலத்துக்கு ஒரு குடித்தனம்

1955

ஏப்ரல் 3, ஞாயிறு

மனைவியைப் பார்க்கப் பேரிகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தளி ரோட்டில் இருக்கும் எங்கள் பங்களாவுக்கு நடந்தேன். சேலத்து ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று கோடைக்கு வந்து அங்கே வாடகைக்குத் தங்கியிருக்கிறது. வெந்நீரைக் குடம் குடமாகக் குளியலறைக்குத் தூக்க வேண்டியிருக்கிறதாம். நியாயமான குறைதான். பின்சுவருக்கு வெளியே அடுப்புக் கட்டி, செப்புத் தவலையைப் பதித்து, சுவரைத் துளைத்து ஒரு குழாய் விட்டேன். பொழுது சாய்வதற்குள் உள்ளே வெந்நீர் கொட்டியது. "நேத்து சொன்னோம், இன்னிக்கு முடிஞ்சிருச்சே!" என்றார் அந்த அம்மாள். எல்.சி.இ. என்ஜினீயரிங் படித்ததற்கு இப்படி ஒரு வார்த்தை நான் வேலை பார்க்கும் அணைக்கட்டில் யாரும் சொன்னதில்லை.

சரசம்மா காத்திருந்திருப்பாள். அடுத்த ஞாயிறு.

ஏப்ரல் 10

இந்த ஞாயிறும் இல்லை. புகைபோக்கியில் மைனா கூடு கட்டிவிட்டது. வீடெல்லாம் புகை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு, லீவு. பேரிகை போனேன். மாமனார் சென்னப்பன் களத்துமேட்டிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்பிளே. எல்லாருக்கும் ஆடி ஒரு மாசம். உங்களுக்கு மட்டும் வருசம் பூரா ஆடியா?" பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

கல்யாணமாகி எட்டு மாதம். நான் என்ன செய்வது? கேம்ப்பில் தகரக் கொட்டகை, அதில் எனக்கு ஒரு கட்டில். டெம்பரரி சூப்பர்வைசருக்குக் குடும்பத்தோடு இருக்க இடம் தரமாட்டார்கள். பங்களாவில் குடிவைக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். முதலில் தை என்றேன், பிறகு சித்திரை. இன்று, "கோடை முடியட்டும், நல்ல சீசன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் பங்களாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில். வெள்ளைக்காரன் சமையற்கட்டைப் பிரித்துத் தனியாகத் தோட்டத்தில் கட்டியிருக்கிறான். அவனுக்குச் சமையல் வாசனை ஆகாது, தூக்கிக்கொண்டு ஓட பட்லர் இருந்தான். அதைப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்சா சோத்துப் பானையைத் தூக்கிக்கினு நனைஞ்சிக்கினே ஓடணுமா? வழி பூரா ஒரு கூரை போட்டுக் குடுங்க. அப்புறம் ஒரு ஆட்டுக்கல்லு பதிக்கணும்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 24

மாமனார் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு என்ன தெரியும்? துரையின் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் விற்ற பழக்கத்தில் அப்பா, அவர் சீமைக்குத் திரும்பும்போது இந்த பங்களாவை அவரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன? சொந்த ஊரான கல்லாவியை விட்டு ஒருவரும் வரவில்லை. "குளிரு எலும்பைக் கடிக்குது" என்று அம்மா அண்ணனோடு அங்கேயே இருந்துவிட்டார். ஏழு வருஷம் பூட்டிக் கிடந்து கரையான் ஜன்னல் சட்டங்களைத் தின்றது. ஆள் புழங்காத வீடு தானாகவே விழும். வாடகைக்கு விட்ட இந்த ஒரு வருஷத்தில் ஓடு மாற்றினேன், கிணறு தூர்வாரினேன், வெள்ளையடித்தேன். எல்லாம் வீட்டு வாடகைக் காசிலேயே. சும்மா இருந்த பொருள் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. இதில் தப்பு எங்கே?

மே 8, ஞாயிறு

தப்பு இங்கே.

பெங்களூரிலிருந்து முயல் வேட்டைக்கென்று ஐந்து பேர். கண்டக்டர் முனிவேல்தான் பிடித்துக் கொடுத்தான், கமிஷன் வாங்கிக்கொண்டு. முயல் ஒன்றும் விழவில்லை. மைசூர்ப் பக்கம் அத்திப்பள்ளியில் வாங்கிய சாராய பாட்டில்கள் மட்டும் படுக்கைச் சுருளுக்குள் எல்லை தாண்டி வந்திருக்கின்றன. ராத்திரி பாட்டு, கூச்சல். மதுவிலக்குப் போலீஸ் வந்தது. வந்தவர்கள் காரில் ஏறிப் பறந்துவிட்டார்கள். அகப்பட்டவன் காவல்காரத் திம்மப்பன். அவன் வெற்றிலைகூடப் போடாதவன்!

ஸ்டேஷனில் போய் நின்று, கெஞ்சி, கையெழுத்துப் போட்டு அவனைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் ஒரே பேச்சு: "சாமி, காலி பாட்டிலைத்தான் எடுத்து ஓரமா வெச்சேன். வீட்டைக் கூட்டுறவன் வேற என்ன செய்வான்?"

அந்த ஐவரில் ஒருவன் போன வாரம் வாடகை பேசும்போது என்னிடம் சொன்னது நினைவு வருகிறது. மாநில எல்லைகளைத் திருத்தும் கமிஷன் அறிக்கை வந்தால் ஓசூர் மைசூருக்குப் போய்விடும், பிறகு மதுவிலக்கு இல்லை, நிம்மதி, என்றான். யாருக்கு நிம்மதி?

மே 9

படுக்கை அறைக் கதவின் கீல் ஒன்று போயிற்று. மெத்தையில் சுருட்டுச் சூடு. போதும், விட்டுவிடலாமா?

மே 15

விடவில்லை. ஒரு மோசமான கூட்டத்துக்காக எல்லாரையும் நிறுத்துவது முட்டாள்தனம். இனி குடும்பங்கள் மட்டும். முனிவேலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, ஞாயிறு

கோடை முடிந்தது. சேலத்துக்காரர்கள் போய்விட்டார்கள். பங்களா காலி. இப்போது அவளை அழைத்து வரலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று முனிவேல் வந்து, மில் அதிகாரி ஒருவர் தசராவுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம், அட்வான்ஸும் தந்துவிட்டார், என்றான். அவளைக் குடிவைத்துவிட்டு நடுவில் பெட்டியைத் தூக்கு என்று எப்படிச் சொல்வது?

பேரிகை போய் நேராகச் சொன்னேன். தசரா முடியட்டும். மாமியார் நாராயணம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். சரசம்மா அழவில்லை, சண்டையும் இல்லை. தயிர் கடைந்துகொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

"வந்து தங்குறவங்க குறை சொன்னா உடனே செஞ்சு குடுத்துடுவீங்களா?"

"வாடகை குடுக்கறாங்க. செய்யாம?"

"ஓ," என்றாள். அப்புறம் தானாகச் சிரித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். வெண்ணெய் நன்றாகத் திரண்டிருக்கிறதாம்.

ஜூலை 3

முனிவேல் கெட்டிக்காரன். மழைக்காலத்துக்கும் ஒரு குடித்தனம் பிடித்துவிட்டான்! தாயும் மகளும் இரண்டே பேர், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டுமாம். ஆண்பிள்ளை இல்லையா என்றேன். "இருக்காரு சாமி. வெளியில வேலை. ஞாயித்துக்கெழமை வந்தா வருவாரு, வராட்டி இல்லையாம்." அப்படியும் ஒருவன். நமக்கென்ன, தசராவுக்கு முன் கிளம்பினால் சரி. அதைச் சொல்லிவிடு என்றேன். தலையை எந்தப் பக்கம் ஆட்டினான் என்று தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. தலை ஆடி. பேரிகைப் பக்கம் நான் போகக்கூடாது. இந்த மாதம் யாரும் என்னைக் கேலி செய்ய முடியாது. ஆற்றில் தண்ணீர் ஏறுவதால் கேம்ப்பில் ஞாயிறு லீவும் ரத்து.

ஜூலை 24

மழைக்காலக் குடித்தனம் குறை சொல்லி அனுப்பியிருக்கிறது. சமையற்கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மழையில் நனைய வேண்டியிருக்கிறதாம். யோசித்துப் பார்த்தால் குறை சரியானதுதான். உட்கார்ந்த இடத்தில் படம் போட்டேன். இருபுறமும் கல் கால், மேலே தகரம், தோட்டத்துப் பக்கம் நீர்வாட்டம். படத்தையும் தகரத்தையும் முனிவேல் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினேன். திம்மப்பன் கொத்தனை வைத்துக் கட்டிவிடுவான்.

ஆகஸ்ட் 7

கூரை முடிந்தது. அதற்குள் அடுத்த குறை: ஆட்டுக்கல் இல்லையாம். கிருஷ்ணகிரியில் கல் கொத்துகிறவர்களிடம் நானே நின்று பார்த்து, குழவி குழியில் சிக்காமல் சுற்றுகிறதா என்று சுற்றிப் பார்த்து வாங்கினேன். பஸ் மேலே ஏற்ற நாலு ஆள். "குடித்தனக்காரங்கன்னா இப்படித் தாங்குறீங்களே சாமி!" என்று முனிவேல் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

ஆகஸ்ட் 17

ஆவணி முதல் தேதி. முனிவேலிடமிருந்து தகவல்: பங்களாக்காரர் இந்த ஞாயிறு நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டுமாம். இப்போது என்ன கேடு? பேரிகைக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். சரி, முதலில் இதை முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

பேனா முள் தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

கேட்டைத் திறந்ததும் என் கூரை தெரிந்தது. தகரம் நேராக, வாட்டம் சரியாக. அதன் கீழே மாமியார் நாராயணம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்தே, நீங்க எங்க இங்க?" என்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சமையற்கட்டிலிருந்து சரசம்மா வந்தாள், கையெல்லாம் மாவு.

"வாங்க. பங்களாக்காரர் இன்னிக்காவது நேர்ல வந்தாரே."

"இன்னா இது?"

"மழைக்காலத்துக் குடித்தனம். அட்வான்ஸ் வந்து சேந்துதா?"

"உனக்குப் பணம் ஏது?"

"வெண்ணெய் வித்த காசு. உங்க காசு இல்ல, பயப்படாதீங்க."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நான் செய்யமாட்டேனா?"

"கேட்டனே. போன ஆவணியில கேட்டேன். பார்க்கலாம்னீங்க. இந்த ஆடியில வாடகை குடுத்துக் கேட்டேன். தகரம் பஸ் மேல ஏறி வந்துச்சு."

யாராவது மடக்கிவிட்டால் எனக்குக் குரல்தான் ஏறும். தசராவுக்கு ஆள் வருகிறது, காலி பண்ணியே ஆகவேண்டும் என்று கத்தினேன்.

"வாடகை குடுத்து இருக்கறவளை நடுவுல எழுப்ப முடியுமா? மழை நிக்கட்டும். பார்க்கலாம்," என்றாள்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் முனிவேலைப் பிடித்து, நீயுமா இதில் கூட்டு என்று கேட்டேன். "அவங்களும் கமிஷன் குடுத்தாங்களே சாமி," என்று டிக்கெட்டைக் கிழித்தான்.

ஆகஸ்ட் 23

மட்டம் பார்க்கையில் தப்பாகப் படித்தேன். திரும்பப் பார்த்தேன், மறுபடியும் தப்பு. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிவர ஆளை அனுப்பினார்.

சேலத்து அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரே நாளில் வெந்நீர். வேட்டைக்கார அயோக்கியர்கள் கேட்டிருந்தால் அவர்களுக்கும் செய்திருப்பேன். இவளுக்கு மட்டும் ஏன் பார்க்கலாம்? எங்கே போய்விடப் போகிறாள் என்றா? — அப்படித்தான். வேறென்ன.

ஆனாலும் ஊரே சிரிக்கிறமாதிரி இப்படியா செய்வது!

ஆகஸ்ட் 28

போகவில்லை. கேம்ப்பிலேயே இருந்தேன். துணி துவைத்தேன், செருப்புக்கு வார் வைத்தேன், பழைய ப்ளான்களை அடுக்கினேன். பொழுது நகரவில்லை.

செப்டம்பர் 4

போனேன். நல்ல மழை. சமையற்கட்டிலிருந்து சோறு நனையாமல் வந்தது.

செப்டம்பர் 5

தசரா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்படி முனிவேலிடம் கொடுத்தேன். "உங்களுக்கு நட்டமாச்சே சாமி." உனக்கும்தான் என்றேன். அவன் முகம் வாடியது எனக்குக் கொஞ்சம் திருப்தி.

செப்டம்பர் 18

குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வைத்தேன். அவள் குறை சொல்வதற்கு முன்பே. கவனித்தாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 25

ஆயுத பூஜை. என் டேப், மட்டக்கோல், லெவல் கருவி எல்லாவற்றையும் கேம்ப்பிலிருந்து பங்களாவுக்குக் கொண்டுவந்து பொட்டு வைத்தோம். மாமியார் நேற்றே பேரிகைக்குப் போய்விட்டார், எருமையைப் பார்க்க ஆளில்லையாம். மாமனார் இவ்வளவு நாள் பார்த்தாரே, இன்று என்ன? கேட்கவில்லை.

பூசணிக்காய் உடைக்கும் நேரத்துக்கு வாசலில் கார். பெங்களூர் மில் அதிகாரி, மனைவி, பிள்ளைகள், படுக்கைச் சுருள்கள். அட்வான்ஸ் திரும்பி வந்ததைப் பொருட்படுத்தாமல் கிளம்பி வந்திருக்கிறார். இடம் கொடுங்கள், இரண்டு மடங்கு தருகிறேன், ஐந்து நாள்தானே என்றார். முனிவேல் சொன்ன வாடகையே பெரிது. அதில் இரண்டு மடங்கு. கிழக்குப் பக்கத்து ஓடு முழுவதையும் மாற்றிவிடலாம், மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. பொய் சொல்லமாட்டேன்.

சரசம்மா கூரைக்குக் கீழே பூசணிக்காயோடு நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றேன். "உள்ளே ஆள் குடியிருக்காங்க."

"எப்போது காலி செய்வார்கள்?"

"செய்யமாட்டாங்க."

பிள்ளைகளுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பினாள். கார் தளிப் பக்கமே போயிற்று. வேறு பங்களா கிடைத்திருக்கும்.

நவம்பர் 6, ஞாயிறு

இனி சனிக்கிழமை மாலையே வந்துவிடுகிறேன். இந்த மாத வாடகை எங்கே என்று கேட்டேன். ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்லு நல்லாச் சுத்துதான்னு வாங்கும்போதே பார்த்தீங்களாமே, இப்ப பாருங்க," என்றாள்.

நன்றாகச் சுற்றுகிறது. தோள்தான் வலிக்கிறது.