தை மாசம் வருமெண்டு சொன்ன காப்புறுதி

எடி துவாரகா,

பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர காப்புறுதி திரும்பத் தொடங்கிட்டுதடி, நானே பேப்பரில மூண்டு தரம் வாசிச்சுப் பார்த்திட்டன், உண்மைதான்!

ஓம், ஏழு மாசம் பிந்தித்தான். நீ என்ர நம்பரை புளொக் பண்ணினபடியா கடிதம் எழுதுறன்.

போன கார்த்திகையில உன்ர தம்பி மதுரன்ர கண் ஒப்பரேசனுக்கு உன்ர அம்மா, அன்ரி, சங்கிலியை அடகு வைக்கப் போகேக்க, நான்தானே மறிச்சனான். "அரசாங்கம் பட்ஜெட்டில காசு ஒதுக்கிட்டுது அன்ரி, தை மாசம் காப்புறுதி வந்திரும், பொறுங்கோ" எண்டு ஃபோனில வீடியோவும் காட்டினனான். அன்ரி சிரிச்சுப்போட்டு, "எங்கட மந்திரியம்மா சொன்னாச் சரி" எண்டவா.

காசு ஒதுக்கினாலும், ஒவ்வொரு வருசமும் கொம்பனியோட புது ஒப்பந்தம் போட்டாத்தான் அது பிள்ளையளுக்கு வருமெண்டு எனக்குத் தெரியாது. தேடிப் பாக்கவும் இல்லை. சித்திரையில டொக்டர், பிந்தீட்டுது, இனி அந்தக் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்தும் பலனில்லை எண்டவராம்.

மிச்சக் கண்ணால மதுரனுக்குக் கரும்பலகை தெரியுதோ?

தோட்டவெளி ஊரில இன்னும் ரெண்டு பிள்ளையள் ஒப்பரேசனுக்கு நிக்கினம். இந்த ஒப்பந்தமும் மார்கழியோட முடியுது. அடுத்த வருசம் எப்பிடியெண்டு ஆருக்கும் தெரியாது. அவையின்ர அம்மாமாரைப் பொறுக்க வேண்டாமெண்டு நீ போய்ச் சொல்லு. நான் சொன்னா இனி ஆர் நம்புறது? சொல்லிப்போட்டு எனக்கு ஒரு வரி எழுது.

பள்ளிக்கூடத்தில உன்னோட ஒரே வாங்கில இருந்தவள்