மேற்படி நத்தை

மல்லேஸ்வரம்,
12 ஆகஸ்ட் 2024

அன்பு ஆம்ப்ரோஸ்,

ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிய நம் தமிழர் நற்பணி மன்றத்தின் நிர்வாகக் குழு, இரண்டரை மணி நேர விவாதத்துக்கும் இரண்டு சுற்றுக் காபிக்கும் பிறகு, ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு முடிவை எடுத்தது. மன்ற மடலின் எட்டாம் பக்கத்தில் மூன்று ஆண்டுகளாக வெளிவரும் 'ஆம்ப்ரோஸ் மாமா பதில்கள்' இனி 'ஆம்ப்ரோஸ் அங்கிள் பதில்கள்' என்று அழைக்கப்படும். மாமா என்ற சொல் இந்த நகரத்தில் வேறொரு தொழிலையும் குறிக்கும் என்று பொருளாளர் முனிராஜ் எழுந்து நின்று சொன்னார். எதிர்த்து வாக்களித்த நால்வரில் நானும் ஒருவன் என்பது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு விதியும் நிறைவேறியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் கேள்விகள் ஏற்கப்படமாட்டா. இதற்கு எதிர்ப்பில்லை.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீ காதுக் கருவியை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எதுவானாலும் எழுது என்கிறவன். எழுதுகிறேன்.

செப்டம்பர் இதழுக்கான கேள்விகள் கீழே. குழந்தைகளின் கையெழுத்து உனக்குப் பிடிபடாது என்பதால் வழக்கம்போல் நானே படியெடுத்திருக்கிறேன்.

ஷ்ரேயாஸ், வயது 8, பிரேசர் டவுன்: பஸ்ஸில் போகும்போது நிலா ஏன் கூடவே வருகிறது?

ஷ்ரேயா, வயது 6, விவேக் நகர்: மழை பெய்தால் நத்தைகள் ஏன் சுவரில் ஏறுகின்றன? மேற்படி நத்தைகள் வெயில் காலத்தில் எங்கே போகும்?

ஜகதா நலம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
சீனிவாசராகவன்

விவேக் நகர்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ராகவா,

அங்கிள் ஆனதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் தெருவில் பால்காரர் முதல் பாதிரியார் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஷ்ரேயாஸுக்கு: தம்பி, ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் சட்டென்று பின்னால் போகும். தூரத்துக் கட்டடம் மெதுவாகப் போகும். நிலா கிட்டத்தட்ட நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீ பத்து கிலோமீட்டர் போனாலும் அதற்கு நீ நகர்ந்ததாகவே தெரியாது. அதனால் அது கூட வருவதுபோல் இருக்கிறது. உண்மையில் அது யாரோடும் வருவதில்லை.

ஷ்ரேயாவுக்கு: பாப்பா, இந்த நத்தை காற்றைச் சுவாசிப்பது. மண் தண்ணீரில் ஊறிப்போனால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் மேலே ஏறும். சுவரில் சுண்ணாம்பு இருந்தால் அதையும் சுரண்டித் தின்னும், ஓடு வளர வேண்டுமல்லவா? வெயில் காலத்தில் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டு, வாசலைத் தன் எச்சிலாலேயே ஒரு காகிதம்போல் ஒட்டி மூடிவிடும். மழை வரும்வரை தூக்கம்தான்.

இதை எழுத மூன்று நாள் மாதா கோவில் மதில் ஓரமாகக் குந்தியிருந்தேன். வாட்ச்மேன் என் பெயரை எழுதிக்கொண்டான்.

ராகவா, இந்த ஷ்ரேயாவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆறு வயதில் 'மேற்படி' என்று எழுதுகிற குழந்தையை நான் கண்டதில்லை. நம் பேட்டைப் பிள்ளை வேறு. முகவரியை அனுப்பு. ஒரு நத்தையை பாட்டிலில் போட்டு எடுத்துப்போய் நேரில் காட்டுகிறேன்.

ஜூன் மாதம் அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, ஒட்டிய உறையில் உன்னிடம் அனுப்பினேனே, அது அவள் கைக்குப் போனதா? வயதான தன் நாய்க்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை, ஏன் என்று கேட்டிருந்தாளே, அதற்கான பதில். இதழில் போடக் கூடாது என்று உறைமேலேயே எழுதியிருந்தேன்.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்

மல்லேஸ்வரம்,
27 ஆகஸ்ட் 2024

அன்பு ஆம்ப்ரோஸ்,

பதில்கள் அருமை. 'அது யாரோடும் வருவதில்லை' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன், குழந்தைகள் மனம் வாடும்.

முகவரி விஷயத்தில் என் கை கட்டப்பட்டிருக்கிறது. குழந்தைகளின் முகவரியை யாருக்கும் தருவதில்லை என்பது மன்றத்தின் கொள்கை. இப்போது காலம் அப்படி. நீயே யோசித்துப் பார், எழுபத்தொரு வயது ஆள் பாட்டிலில் நத்தையோடு வீடு வீடாகப் போனால் என்ன நினைப்பார்கள்?

உறை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. கவலைப்படாதே.

அன்புடன்,
ராகவன்

விவேக் நகர்,
9 செப்டம்பர் 2024

ராகவா,

எழுபத்தொரு வயது ஆள் பாட்டிலில் நத்தையோடு வீடு வீடாகப் போனால் காபி கொடுக்கிறார்கள். நான்கு வீட்டில் கொடுத்தார்கள்.

மூன்றாம் கிராஸில் ஜோசஃபின் என்ற பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே ஷ்ரேயா என்று யாராவது உண்டா என்றேன்.

"இருக்காங்களே அங்கிள், டெய்லர் அக்கா. ப்ளவுஸா, ஆல்ட்ரேஷனா?"

"ஆறு வயசுப் பாப்பாம்மா. தமிழில் கேள்வி எழுதி அனுப்புகிறவள்."

"தமிழ்லயா?" அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "இந்த ஏரியாவில எந்தப் புள்ளைக்கு அங்கிள் தமிழ் எழுத வருது? என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ஸ்கூல்ல கன்னடா, இங்கிலீஷ், ஹிந்தி. வீட்டில பேசறதோட சரி. ஏய் குளோரியா, இங்க வா, அங்கிள் என்னமோ கேக்கறாரு பாரு."

குளோரியாவிடம் மன்ற மடலைக் கொடுத்தேன். எட்டாம் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஃபோன்ல காட்டுங்க அங்கிள், அதுவே படிச்சுச் சொல்லும்" என்றாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள். "இது ஏன் வாயை மூடிக்கிச்சு? கோவமா?" மூன்று வருடத்தில் ஒரு குழந்தை வாய் திறந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி.

இருபத்தாறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு. ஷ்ரேயா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனுக்கும் பஸ் ஏறினேன். ஷ்ரேயாஸும் இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று வருடக் கேள்விகளையும் மேசைமேல் பரப்பினேன். பதினோரு கேள்வியில் 'மேற்படி' இருக்கிறது. மேற்படி எறும்பு. மேற்படி வானவில். ஒரு நான்கு வயதுக் குழந்தை 'மேற்படி தும்மல் குறித்து' விளக்கம் கேட்டிருக்கிறது. படியெடுக்கும்போது நுழைந்துவிட்டது என்று எழுதாதே. முப்பத்தொரு வருடம் நான் டூல் ரூமில் உட்கார்ந்து உன் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் குறிப்புகளை வாங்கியவன். மேற்படி பேரிங்குகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த எழுத்து எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடம் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அவமானம்.

குழந்தைகள் இல்லாமல் போனதைக்கூட ஒரு வேடிக்கை என்று விட்டுவிடுவேன். அந்த உறையை எப்படி விடுவது?

என் பவுலின் இறந்தபோது, கடைசிவரை அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று நீ கேட்டாய். தெரிந்தது என்றேன். என் மகனிடமும் பாதிரியாரிடமும் அதையேதான் சொன்னேன். உண்மை வேறு. கடைசி எட்டு மாதம் அவள் என்னைக் கண்டக்டர் என்று நினைத்தாள். தினமும் காலையில் கையை நீட்டி விவேக் நகருக்கு ஒரு டிக்கெட் கேட்பாள். பழைய காலண்டர் தாளை டிக்கெட் அளவில் வெட்டித் தைத்து வைத்துக்கொண்டு, கிழித்துக் கொடுப்பேன். இருந்த வீடே விவேக் நகர்தான். அதை நான் ஒரே ஓர் ஆளிடம் சொன்னேன். நாய் மறந்துபோனதற்கு அழுத ஆறு வயதுக் குழந்தையிடம். குழந்தை அனுதாபம் சொல்லாது என்பதற்காக அவளிடம் சொன்னேன்.

அதை நீ படித்திருக்கிறாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை என்னோடு உட்கார்ந்து தோசை தின்றிருக்கிறாய்.

கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

ஆம்ப்ரோஸ்

மல்லேஸ்வரம்,
21 செப்டம்பர் 2024

அன்பு ஆம்ப்ரோஸ்,

பன்னிரண்டு நாளில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

பவுலின் போனபின் நீ வீட்டைவிட்டு வெளியே வரட்டும் என்றுதான் இந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன் என்று எழுதினால் அது அழகாக இருக்கும். முதல் படியில் அப்படித்தான் எழுதினேன். உண்மை அதுவல்ல. முதல் மாதம் அறிவிப்பு போட்டோம், ஒரு கேள்வியும் வரவில்லை. பக்கம் காலியாக இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை எழுதி, ஒரு குழந்தையின் பெயரைப் போட்டேன். உன் பதில் வந்தது. அடுத்த மாதமும் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

கேட்டதெல்லாம் நான்தான், ஆம்ப்ரோஸ். நிலா கேள்வி 1988-இல் நம் கம்பெனி பஸ்ஸில் தோன்றியது. முதல் ஷிப்டுக்குப் போகும்போது அல்சூர் ஏரிமேல் அது கூடவே வரும். நீ பக்கத்து சீட்டில் இருந்தாய். நான் எம்.ஏ. படித்தவன், நீ ஐ.டி.ஐ. உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேன்டீனில் எல்லாம் தெரிந்தவன்போல் பேசிப் பழகிவிட்டது. ஷ்ரேயாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டபின் கேட்க முடிந்தது.

எங்கள் வீட்டில் நாய் எப்போதும் இருந்ததில்லை. போன மார்கழியில் ஜகதா, கட்டிய கணவனான என்னைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். உன்னை அவள் கேட்டதாகக் கடிதங்களில் எழுதினேனே, அவள் கேட்கவில்லை.

உறைமேல் நீ எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். கடிதம் இத்துடன் இருக்கிறது. படித்ததைத் திருப்பி அனுப்ப வழி தெரியவில்லை.

என் பெயரிலேயே ஒன்று கேட்கிறேன். மின்சாரக் கம்பியில் உட்காரும் குருவிகள் ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்காருகின்றன?

உன்,
ராகவன்

விவேக் நகர்,
4 அக்டோபர் 2024

பெறுநர்:
திரு. சீனிவாசராகவன் அவர்கள்,
ஆசிரியர், மன்ற மடல்

ஐயா,

பொருள்: தங்கள் 21.9.2024 தேதியிட்ட கடிதம்.

1. மேற்படி கடிதமும், அதனுடன் இணைத்த உறையும் கிடைக்கப்பெற்றன. உறை பிரிக்கப்பட்ட நிலையில் இருந்தது.

2. தாங்கள் கேட்டுள்ள குருவிகள் குறித்த கேள்வியைப் பரிசீலித்தேன். மன்றத்தின் விதிப்படி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் கேள்விகள் ஏற்கப்படமாட்டா. எனவே பதிலளிக்க இயலவில்லை.

3. இனி மேற்படி பக்கத்துக்கு என்னால் எழுத இயலாது.

இணைப்பு: கையால் தைத்த டிக்கெட் கட்டு ஒன்று. பாதிக்கு மேல் மீதமிருக்கிறது. திருமதி ஜகதாம்பாள் அவர்களின் உபயோகத்துக்கு. எந்த ஊருக்குக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டாம். பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
த. ஆம்ப்ரோஸ்

மல்லேஸ்வரம்,
16 டிசம்பர் 2024

அன்பு ஆம்ப்ரோஸ்,

அக்டோபரிலும் நவம்பரிலும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. விவேக் நகருக்கு இரண்டு முறை வந்தேன். மணி அடித்தேன். காதுக் கருவி மேசை இழுப்பறையில்தான் இருக்கும் என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை கீழே உன் படிக்கட்டில் ஒரு சின்னப் பெண் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அங்கிள் இலை பறிக்கப் போயிருக்கார், இப்ப வந்துருவார் என்றாள். நான் காத்திருக்கவில்லை.

ஜகதா தினமும் கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்குகிறாள். நேற்று மீதிச் சில்லறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. செப்டம்பருக்குப் பிறகு கேள்வி எதுவும் வராததால் 'ஆம்ப்ரோஸ் அங்கிள் பதில்கள்' பக்கத்தை நிறுத்துவது என்று முடிவானது. விவாதம் இல்லை. காபி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஜனவரி முதல் எட்டாம் பக்கத்தில் ராகுகால அட்டவணை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று இதழிலும் எட்டாம் பக்கம் காலியாகவே வந்தது. வாசகர்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.

ராகவன்