பினாங்குக்கு நீ எழுதின மாமு

என் காதரு,

நீ போய் ஆறு மாசம் ஆவுது. உன்மேல எனக்கு ஒரு கோவம் கீது. அதைச் சொல்லிட்டுத்தான் மத்தது.

நம்ம பட்டறையில வார்க்குற பித்தளைக் கப்பிய, அதான் படகுல பாய்க்கயிறு இழுக்குற உருளைய, காசிமேட்டுக்காரங்க கண்ண மூடிக்கினு வாங்குவாங்க. வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு அதைத் துணியில சுத்திக்கினு பாரிமுனையில ஆபீஸ் ஆபீஸா ஏறினேன். சரக்கு எப்படின்னு ஒருத்தரும் கேக்கல. "அங்க உங்களுக்கு யார் இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க. எனக்கு யாரு கீறாங்க? டோல்கேட்டத் தாண்டினாலே எனக்கு ஆள் கிடையாது.

நீதான், பினாங்கு கப்பல்ல சோறாக்கிகினு இருந்தவன், "குடு மாமு, அங்க நமக்குத் தெரிஞ்ச கடைக்காரரு ஒருத்தரு கீறாரு"ன்னு ரெண்டு கப்பிய டிரங்குப் பெட்டியில போட்டுக்கினு போன. கூடவே ஒரு சீட்டு எழுதின. "நம்ம மாமு பட்டறை சரக்கு. நம்பி வாங்குங்க."

நம்ம ராயபுரத்துல டீக்கடைக்காரரு மாமு, ரிக்‌ஷாக்காரரு மாமு, சண்டைக்கு வர்றவனும் மாமு. ஆனா அந்தக் கடைக்காரரு இஸ்மாயில் ராவுத்தர் வூட்ல மாமுன்னா அம்மாகூடப் பொறந்தவருன்னு உனக்குத் தெரியாதா? சீட்டப் படிச்சவரு, உன் தாய்மாமன் சரக்குன்னு நெனச்சு மூணு டஜன் கேட்டாரு. "மாமு அவர்களுக்கு சலாம்"ன்னு ஆரம்பிச்சுது கடுதாசி.

என் பேரு அந்தோணி. பெட்டி மேல அ.ச. பட்டறைன்னு வெறும் எழுத்துதான் போட்டிருந்தேன். உன்கிட்டச் சொன்னா விழுந்து விழுந்து சிரிச்ச. "உடு மாமு, சரக்கு நல்ல சரக்குதான"ன்ன. நானும் வாயத் தொறக்காம மூணு வருஷம் சலாம் வாங்கிகினேன். நெனச்சா வெக்கமா கீது.

அப்புறம் நீ போய்ட்ட. ராவுத்தர் எழுதினாரு: "மருமகனை இழந்து நிற்கிறீர்கள். நாற்பதாம் நாள் பாத்தியாவில் என் பெயரையும் சேர்த்து ஓதச் சொல்லுங்கள்." கடுதாசியக் கையில வெச்சுக்கினு மாதா கோயில் வாசல்ல உக்காந்தேன். உன் சாவுலகூட நான் பொய் சொல்லணுமாடா?

உண்மைய எழுதிப் போட்டேன். நான் கிறிஸ்தவன், மாமுன்றது எங்க ஊர்ப் பேச்சு, மூணு வருஷம் மறைச்சது தப்பு.

பதிலே இல்ல. மாசம் ஒண்ணாச்சு, மூணாச்சு. பட்டறையில ஆறு பேரு, சரக்குல பாதி பினாங்குக்குப் போறது, உனக்கே தெரியும். உலை பத்த வெக்காத நாளுங்க கூடிப்போச்சு. மணலியில எண்ணெய் ஆலை வருதுல்ல, அங்க போறோம்னு ரெண்டு பேரு சொல்லிட்டானுங்க. "உன் மனசு சுத்தமாச்சு, ஆறு வூட்ல அடுப்பு எரியணுமே"ன்னு ஏசினா என் பொண்டாட்டி ஸ்டெல்லா. அவ கேட்டதுல தப்பு இன்னா கீது? நீ இருந்திருந்தா நேரா கடைக்கே போய்ப் பேசியிருப்ப. எனக்குக் கப்பல்ல ஏறவும் வழியில்ல.

போன வாரம்தான் பதில் வந்துது.

"மூன்று மாதம் கோபத்தில் எழுதவில்லை. பிறகு யோசித்தேன். காதர் என் கடைக்கு வந்தால் என்னையும் மாமு என்றுதான் கூப்பிடுவான். அவன் தாயாரை நான் பார்த்ததுகூட இல்லை. நீங்களாவது சொந்த மாமு என்று நினைத்திருந்தேன்."

கீழ, அஞ்சு டஜன் அனுப்பச் சொல்லியிருந்தாரு. அதுக்கும் கீழ, "இங்கே கிள்ளான் ஊரில் ஒரு கடைக்காரர் கப்பி கேட்கிறார். உங்களை எனக்கு என்ன உறவு என்று அவருக்கு எழுதுவது?"

சிரிச்சேன்டா, கஸ்மாலம். சிரிச்சுகினே அழுதேன். உலையப் பத்த வெச்சாச்சு, மணலிக்குப் போறேன்னவனுங்க ரெண்டு பேரும் இங்கதான் கீறானுங்க.

உனக்கு வாக்கு குடுக்குறேன். வருஷ பாத்தியாவுக்கு உன் வூட்டு வாசல்ல நிப்பேன், ராவுத்தர் பேரையும் சேத்து ஓதச் சொல்லுவேன். இனிமே எந்த ஊருக்குப் போற பெட்டியிலயும் அந்தோணி பட்டறை, ராயபுரம்னு முழுசா எழுதியிருக்கும். கிள்ளான்காரருக்கு இன்னா எழுதணும்னும் ராவுத்தருக்குச் சொல்லிட்டேன். "மாமுன்னே எழுதுங்க. ராயபுரத்து மாமுன்னு எழுதுங்க."

இப்படிக்கு,
உன் அம்மாகூடப் பொறக்காத மாமு,
அந்தோணி