மிஷின் இல்லாத ஊர்

மே 3, சனி

அண்ணன் போன் செய்தான். ஜூன் இரண்டாவது வாரம் அவனுக்கு லீவு கிடைத்துவிட்டதாம். கடற்கரையில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து எல்லோரும் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம், ஊரை மட்டும் நீ பார்த்துச் சொல் என்றான். "உனக்குத்தான் இதெல்லாம் அலசிப் பாக்கற பொறுமை இருக்கு" என்று ஐஸ் வைத்தான். வேலை ஆக வேண்டுமென்றால் நான் பொறுமைசாலி. மற்ற நாட்களில் என் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ்.

சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் - செவ்வாய், வியாழன், சனி. போன அக்டோபரிலிருந்து அவருடைய சிறுநீரகத்தின் வேலையை மிஷின்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் மிஷின் என்றால் துணி துவைக்கிற மிஷின் இல்லை. தொலைவில் இருக்கிற அண்ணனுக்கு அது வாரம் ஒருமுறை போனில் விசாரிக்கிற விஷயம்.

மே 5, திங்கள்

கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. வருகிறவர்களிடம் லென்ஸை மாற்றி மாற்றி "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. இன்று அதையே ஊர்களை வைத்துக்கொண்டு எனக்கு நானே செய்தேன்.

மணல் ஊர்: அண்ணன் அனுப்பிய படங்களில் எல்லாம் இதுதான். அகலமான கடற்கரை, ஆழமில்லாத தண்ணீர், மாடியில் சாய்வு நாற்காலி. பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மிஷின் வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் கார் ஓட்ட வேண்டும்.

துறைமுக ஊர்: கூழாங்கல் கடற்கரை. காற்று வந்தால் டீசல் வாடை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே டயாலிசிஸ் மையம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

கடலோரம் வீடு தேடுகிறவர்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். நான் மிஷின் எத்தனை என்று விசாரித்தேன். "எந்த மிஷினும்மா, துணி துவைக்கறதா?" என்றாள் துறைமுக ஊர் வீட்டுக்காரம்மாள்.

மே 11, ஞாயிறு

வீடியோவில் எல்லோரும். துறைமுக ஊர் என்று நான் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. "கடலுக்குப் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?" அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி ஒன்றும் சொல்லாததை அண்ணன் எப்போதும் தன் பக்கத்து ஓட்டாக எண்ணிக்கொள்வான். பின்னால் அண்ணனின் இரட்டை வாண்டுகள் இருவரும் மூக்குக் கண்ணாடி மாதிரி நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தார்கள்.

நான் எதிர்பாராதது அப்பா. "மணல் ஊரையே பாருங்க. ஒரு வாரம்தானே, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

எதைச் சமாளிப்பார்? மூன்று தடவை மிஷினை விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அவருக்கு அளவு. அதில் ஒரு டம்ளர் கூடினாலே மறுநாள் கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது.

அம்மாவைக் கேட்டேன். அப்பாவுக்கு ஆகாத பொட்டாசியம் இறங்குவதற்காக உருளைக்கிழங்கை ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "எனக்கென்ன, கடல் எங்க போனாலும் உப்புதான். உங்கப்பாவுக்கு எது தோதோ அதைப் பாரு."

மே 14, புதன்

கடைக்கு வார விடுமுறை. பஸ் பிடித்துத் துறைமுக ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அழகில்லாத ஊர், மறைக்க என்ன இருக்கிறது. வீடு சுத்தம், கீழ்த்தளம், படிக்கட்டு இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஐஸ் கிடங்கின் பின்சுவர். அப்பாவுக்கு மூன்று நாளும் விடிகாலை நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள். அப்போதே முன்பணம் கட்டினேன். மற்றவர்கள் முணுமுணுக்கட்டும். அப்பா உயிரோடு இருந்து முணுமுணுத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டுக்காரம்மாளின் நம்பரை அப்பா வீட்டுப் பிரிஜ்ஜில் ஒட்டிவைத்தேன்.

மே 17, சனி

சனிக்கிழமை மிஷினுக்கு அப்பாவை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், மற்ற இரண்டு நாளும் அம்மா. இன்று ஊசி குத்தி முடித்துவிட்டு நர்ஸ் என்னைக் கதவுப் பக்கம் அழைத்தாள்.

"உங்கப்பா என்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டாரு. ஒரு வாரம் முழுக்க வராம இருந்தா என்ன ஆகும்னு. உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேன். 'உறுதியா ஆபத்துதானே?'ன்னு திரும்பக் கேக்கறாரு. சிலருக்கு ஒரு கட்டத்துல சலிச்சுப் போயிடும். வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

உறுதியா ஆபத்துதானே.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு பக்கத்து நோயாளியிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். சாக நினைக்கிறவர் கிரிக்கெட் பேசுவாரா? பேசுவார். பேசாமல் என்ன செய்வார்.

மே 19, திங்கள்

கடையில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மாளிடமிருந்து போன். "உங்கப்பா காலைல கூப்பிட்டாரு. வீடு வேணாம்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்லித்தான்னாரே?"

அண்ணனைக் கூப்பிட்டேன். மணல் ஊர் வீட்டுக்கு அவன் பணம் கட்டியே விட்டான். "அப்பாவே ஆசைப்படறாரு. அங்க பக்கத்துல ஏற்பாடு பண்ணிட்டதா சொன்னாரு. நீ ஏன் எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடற?"

ஒரு ஏற்பாடும் இல்லை. பச்சைப் பொய். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போட்ட மனிதர். யாரை எந்த வண்டியில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் வாய் திறக்க மாட்டார்.

போனை வைத்த வேகத்தில் அந்தப் பெரியவரின் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துவிட்டேன். முதலாளி அதை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தார்.

மே 20, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் நான் உடைந்துபோவேன்.

மே 24, சனி

கேட்டுவிட்டேன்.

மிஷின் முடிந்து காரில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் பிழிந்த துணி மாதிரி இருப்பார், அப்போது போய்க் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. காரைக் கிளப்பாமலே கேட்டேன். "செத்துப் போகணும்னு முடிவு பண்ணிட்டீங்களாப்பா? அங்க போய், அந்தக் குழந்தைங்க முன்னாடி?"

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அடிப் பைத்தியம். நான் வரதாவே இல்லை."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மூச்சு விட்டு, நிறுத்தி, மறுபடி சொன்னார். "மிஷின் இருக்கற ஊருக்குப் போனா உங்கம்மா அங்கேயும் ஆஸ்பத்திரி வாசல்லதான் உக்காருவா. ஊரை மாத்தி அதே வேலை. அது லீவா? நான் வரலைன்னு இப்பவே சொன்னா அவளும் வர மாட்டா. அதான் மிஷின் இல்லாத ஊரா பாத்தேன். பணம் கட்டியாச்சு, பிள்ளைங்க கார்ல ஏறியாச்சு, அந்த நேரத்துல நான் போகவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்கன்னு சொல்லிடலாம். நீ மட்டும் போயிட்டு வான்னு தள்ளி விட்டுடலாம்."

"அதுக்குத்தான் நர்ஸ்கிட்ட அப்படிக் கேட்டீங்களா?"

"அவ வாயால வந்தாத்தானே உங்கம்மா நம்புவா?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கம்மா என் கண்ணு முன்னாடி தண்ணி குடிச்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? குளிக்கற ரூமுக்குள்ள போய்க் குடிக்கறா. நான் பாத்தா ஏங்கிடுவேனாம். டம்ளரைப் புடவைல மறைச்சு எடுத்துட்டுப் போறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கா."

எனக்கும் தெரியாது. நானும் அந்த வீட்டுக்குத் தினமும் போய் வருகிறேன்.

மே 25, ஞாயிறு

யோசிக்க யோசிக்க என் மேலேயே எரிச்சல் வருகிறது. படிக்கட்டு உண்டா, இல்லையா, காற்று எந்தப் பக்கம், எல்லாம் அலசினேன். அம்மாவுக்கு எந்த ஊர் பிடிக்கும்? கேட்டேன்தான். கடல் எங்கே போனாலும் உப்புதான் என்றாள், அதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அந்த வாரம் நான் அவரோடு இருப்பேன். "உன்னையும் சேத்துத்தான் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார். முடியாது என்றேன். அவர் சொன்னதை முழுசாக நம்புகிறேனா? நேற்று நம்பினேன். இன்று காலை பல் தேய்க்கும்போது மறுபடி சந்தேகம். தனியாக விட்டால் மிஷினுக்குப் போவார் என்று என்ன நிச்சயம்? அதைக் கேட்காமல் கூடவே இருந்துவிடுவது மேல்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மா அப்பாவின் மருந்தை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டுகிறாள். மணல் ஊருக்குப் பக்கத்தில் மிஷினுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று அப்பா சொன்னதை நானும் ஆமாம் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்து, கூசாமல். அவளுக்கு ஒரே பை, அவருக்கு மூன்று பை.

அந்த வாரத்தில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் என் முகத்தில் விழிப்பாளா?

ஜூன் 8, ஞாயிறு

போய்விட்டாள். நினைத்த மாதிரி இல்லை.

அண்ணன் கார் வாசலில் நின்றது. வாண்டுகள் ஏறியாயிற்று. அம்மா அப்பாவின் பைகளை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா நர்ஸ் கதையை ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள் அம்மா பையை இறக்கி வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியும்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் "என்ன, என்ன?" என்றான், அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பாவும் பொண்ணும் சேந்து என்னை மூட்டை கட்டி அனுப்பறீங்க. நான் அவ்வளவு பாரமா ஆயிட்டேனா?" என்றாள். அப்பா எதையோ சொல்லப் போனார். "நீங்க பேசாதீங்க" என்றாள்.

அண்ணிதான் இறங்கி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அங்க வந்து இவங்க ரெண்டு பேரையும் நிம்மதியா திட்டலாம், வாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அண்ணி பேசியதிலேயே நீளமான வாக்கியம்.

அம்மா ஏறினாள். சமாதானமாகி இல்லை, கோபத்தில் ஏறினாள். "நான் இல்லாம என்ன பாடு படறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று கதவை அறைந்து சாத்தினாள். கார் தெருமுனை திரும்பியதும் அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

மிஷினில் இருக்கும்போதே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. கண் சொருகிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்தாள். அவர் முகம் திரும்பப் பழைய நிறத்துக்கு வரும்வரை நான் சாமியை எல்லாம் திட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன். முந்தாநாளிலிருந்தே 'எப்படி இருக்கே' கூட இல்லை. எடுத்ததும் முதல் கேள்வி, "எடை எவ்வளவு?" அப்பா உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று எடைதான் காட்டும். அடுத்தது, தண்ணீர் எவ்வளவு. அதிகாரி மாதிரி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். இன்றும் கேட்டாள். சொன்னேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஜலதோஷம் என்றேன்.

அப்பா படுத்தபடியே, சொல்லாதே என்று விரலை ஆட்டினார். சொல்லி அவள் திரும்பி வந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

மிஷின் நல்லபடியாக முடிந்தது. அம்மா எடையைக் கேட்டுவிட்டு உடனே வைக்கவில்லை. அங்கே காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் மடியில் வைத்தேன்.

குரல் கரகரத்திருந்தது. வாண்டுகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். இன்று இடுப்பளவு தண்ணீருக்குள் போனாளாம், அலை வந்து தள்ளி, அண்ணி மேல் விழுந்து, இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்களாம். மதியம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாளாம், யாரும் எழுப்பவில்லையாம். அதை மூன்று தடவை சொன்னாள், யாரும் எழுப்பவே இல்லை என்று. அந்த வாடகை வீடு அடுத்த வாரமும் காலியாகத்தான் இருக்கிறதாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அண்ணியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"நானும் இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரட்டுமா?"

"இரு, இரு. இங்க எல்லாம் நல்லா ஓடுது" என்றார் அப்பா.

பின்னால் வாண்டுகள் ஏதோ கேட்டுக் கூச்சல் போட்டார்கள். வரேன், வரேன் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே அம்மா போனை வைத்துவிட்டாள்.

அப்பா அணைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா? இன்னைக்கு எடையைக் கேக்கல" என்றார். சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. மறந்துபோயிருப்பாள், திரும்பக் கூப்பிட்டு நானே சொல்லிவிடுகிறேன் என்று போனுக்குக் கை நீட்டினேன்.

அப்பா போனை எடுத்துத் தன் தொடைக்கு அந்தப் பக்கம், எனக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டார்.