வழிமொழிய ஓர் ஆள்

2 மார்ச் 2025, ஞாயிறு

நேற்று பள்ளியின் நிர்வாகக் குழுக் கூட்டம். இன்று பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பரவாயில்லை. மாதா கோயில் மண்டபத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர், "மனசுல உள்ளத எழுதுங்க தாத்தா, கை தானா ஓடும்" என்றார். என் மனதில் உள்ளது அருவருப்பு. எழுபத்திரண்டு வயதில் அந்தச் சொல்லை யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்! இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன். திட்டுவதற்கு எனக்கென்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

எங்கள் பள்ளி பெக்கான் நானாஸில், பழைய அன்னாசித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையான கிராணி இருந்த பங்களாவில் நடக்கிறது. பழைய கட்டடங்களைக் கெடுக்காமல் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டு. தலைவர் மகேஸ்வரன் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்காட்டுவார். அவருக்கு டத்தோ பட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் டத்தோ என்றே கூப்பிடுகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நேற்றுப் பாதிக் கூட்டம், குழுவுக்குச் சட்டை நீலமா மெரூனா என்பதில் போனது. மீதி கறிபாப் தின்பதில் போனது. நடுக்கூடத்தில் வைத்த வாளியில் மழை சொட்டிக்கொண்டே இருந்தது. கூரை பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி! ஆசிரியை சந்திரமதி, "ஓடு மட்டும் வாங்கிக் குடுங்க டத்தோ, பிள்ளைங்களே மாத்திருவாங்க" என்றார்.

"அடுத்த கூட்டத்துல பேசுவோம் லா" என்றார் தலைவர். பிறகு நீலச் சட்டையை முன்மொழிந்துவிட்டு என்னைப் பார்த்தார். வழக்கம்போல "வழிமொழிகிறேன்" என்றேன்.

அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். எந்த முடிவுக்கும் முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. குழுவில் ஊர்க்காரர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி. பால் விற்ற இந்த மரியநாதனுக்கு எழுத்து தெரியாது, கேள்வி கேட்க மாட்டான். ஒரே ஆளில் இரண்டு வேலையும் முடிந்தது. இப்போது எழுத்து தெரியும் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

9 மார்ச்

சட்டை வந்தது. முதுகில் பள்ளியின் பெயர். அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, தலைவர் பெயர். வாசிக்க முடிந்ததில் சந்தோஷம். வாசித்ததில் இல்லை.

12 ஏப்ரல், சனி

பத்து பாகாட்டில் மைத்துனருக்கு உடம்பு சரியில்லை. போய்ப் பார்த்துவிட்டு, நானும் என் மனைவி சூசையம்மாளும் பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தோம். வழியில் பழைய இரண்டு மாடிக் கடைவீடு ஒன்றுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் மேல் எங்கள் மாணவி தேன்மொழி.

"பெரியவரே! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"நீ என்னம்மா இங்க?"

"பிராக்டிக்கல்னு டத்தோ வேன்ல கூட்டியாந்தாங்க. அவங்க வாங்கின கடைதான். ஹோட்டல் ஆக்கப் போறாங்களாம்."

"உங்க டீச்சர் எங்க?"

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு லீவுல இருக்காங்க. அவங்க இல்லாத வாரமா பாத்து…" என்று இழுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"கூலி?"

"ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் கையில் பிளாஸ்டிக் பெயிண்ட். சுண்ணாம்பில் செய்த பூவேலை மேல் ரோஸ் நிறம் வழிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவரில் இதை அடிக்காதே என்பதுதான் டீச்சர் நடத்திய முதல் பாடமாம். அவளே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சீ! என்ன மனுசன் இவன்? படிக்க வந்த பிள்ளைகளைக் கொண்டுபோய், படித்ததற்கு நேர்மாறாக, அதுவும் ஓசியில் — தொண்டாம் தொண்டு!

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். சூசையம்மாள், "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பாலு திரிஞ்ச மாதிரி" என்றாள்.

15 ஏப்ரல்

சந்திரமதியிடம் சொல்லிவிட்டேன். "தெப்ராவ்ல பேக்டரி வேலைய விட்டுட்டு இதுக்குத்தான் வந்தேனா அங்கிள்?" என்றார். அப்புறம் என் முன்னாலேயே தலைவருக்குப் போன் போட்டார்.

"டத்தோ, நாளையிலேருந்து என் பிள்ளைங்க அங்க வரமாட்டாங்க… இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் விடமாட்டேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேலை போயிரும் அங்கிள். அம்மாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

இன்று ஒருசந்தி நோன்பு. யாரையும் திட்டக்கூடாது. நாளை எழுதுகிறேன்.

19 ஏப்ரல்

திருடன். நாசி லெமாக் திருடன். வெட்கங்கெட்டவன். இப்போது நிம்மதி.

27 ஏப்ரல், ஞாயிறு

தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் படியேறும் முன்பே சென்ட் வாசனை உள்ளே வந்துவிட்டது.

"அண்ணே, அந்தப் பொம்பள நம்ம பேச்சக் கேக்கறதில்ல. வர்ற சனிக்கிழமை அவங்க வேலைய முடிச்சிருவோம். நான் முன்மொழியறேன், நீங்க வழக்கம்போல."

"என்ன தப்பு செஞ்சாங்க?" என்றேன். கேட்டது நானா என்று எனக்கே ஆச்சரியம். அவருக்கும்தான்.

"ஒத்துழைப்பு இல்லண்ணே. நாமெல்லாம் சும்மா வந்து உழைக்கிறோம். அவங்க சம்பளமும் வாங்கிட்டு நமக்கே சட்டம் பேசறாங்க." பிறகு குரலை இறக்கினார். "ஆகஸ்ட்ல பள்ளியில புது மண்டபம் திறக்கறோம். திறப்புக் கல்லுல உங்க பேரையும் போடச் சொல்லியிருக்கேன். கருங்கல்லு, தங்க எழுத்து."

போகும்போது கை குலுக்கினார். கார் கதவைத் திறக்குமுன் டிஷ்யூ எடுத்து அந்தக் கையைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பால்காரன் கை. நான் பால் விற்பதை விட்டே பல வருஷம் ஆகிறது.

29 ஏப்ரல்

இரண்டு நாளாக அந்தக் கல்லைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ம-ரி-ய-நா-த-ன். தங்க எழுத்தில். என் பெயரை நானே கல்லுக்கு முன்னால் நின்று வாசிக்கலாம். மற்றவர்களுக்கெல்லாம் கல்லறைக் கல்தான், அதை அடுத்தவர்தான் வாசிக்கிறார், இவர்கள் கீழே படுத்திருக்கிறார்கள்.

சூசையம்மாளிடம் சொன்னேன். "கல்லுதானே வேணும்? நான் போடறேன். அவசரப்படாதீங்க" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போனவன் தரும் கல். அதற்குப் போய் ஆசைப்படுகிறாயே, உனக்கு ரோசம் இல்லையா? ஆனால் தங்க எழுத்து… சீ. என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

4 மே, ஞாயிறு

நேற்று நடந்தது.

சந்திரமதியை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். கதவு இடுக்கில் அவர் கைப்பை மட்டும் தெரிந்தது. தலைவர் எழுந்து, அவருடைய பணியை இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ள முன்மொழிவதாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"மரியநாதன் அண்ணே?"

நான் நிமிரவில்லை.

"அண்ணே, வழிமொழியணும்."

"நான் வழிமொழியல."

தலைவர் செயலாளர் ஏஞ்சலாவைப் பார்த்தார். "நான் குறிப்பு எழுதணும் டத்தோ. செயலாளர் வழிமொழியறது வழக்கமில்ல."

பொருளாளர் கென்னத் பக்கம் திரும்பினார். "அலமாக், நானா? தினம் பள்ளிக்கு வர்றவன் டத்தோ. அவங்க மூஞ்சில முழிக்கணும்." மற்ற இரண்டு பேரும் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

இதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அம்மாவை அனுப்ப அங்கே ஒருவருக்கும் மறுப்பு இல்லை. தன் பெயரில் வேண்டாம், அவ்வளவுதான். இத்தனை நாளும் அதற்கு என் பெயர் வசதியாக இருந்திருக்கிறது.

வழிமொழிய ஆளில்லாமல் முன்மொழிவு விழுந்தது. தலைவர் கறிபாப்பைக் கடித்தபடி, "அண்ணனுக்கு வயசாயிருச்சு" என்றார்.

வெளியே வந்ததும் சந்திரமதி எழுந்தார். "என்ன ஆச்சு அங்கிள்?"

"ஒண்ணும் ஆகல" என்றேன். ஒரு நொடி கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

15 ஜூன், ஞாயிறு

ஆண்டுக் கூட்டத்தில் என்னை எடுத்துவிட்டார்கள். மாலை, பொன்னாடை, கைத்தட்டல். நன்றாகக் கவனித்துத்தான் அனுப்பினார்கள்.

என் இடத்துக்கு அங்கம்மா. சந்தை முனையில் வாழைப்பழம் பொரித்து, பிசாங் கோரிங் விற்பவள். கைநாட்டு. தலைவர் தேடித்தான் பிடித்திருக்கிறார். சந்திரமதி விஷயத்தை ஜூலைக் கூட்டத்தில் மறுபடி கொண்டுவரப் போகிறாராம், ஏஞ்சலா பூசையில் சூசையம்மாள் காதில் போட்டிருக்கிறார். காதில் போடத் தெரிகிறது, கூட்டத்தில் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

அங்கம்மாவிடம் போய் எடுத்துச் சொல்லலாமா? சொன்னாலும் என்ன ஆகும்? எழுத்து தெரியாதவள், அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் பயந்துபோவாள். எனக்கே எழுத்து வந்த பிறகுதானே தைரியம் வந்தது. பாவம் சந்திரமதி.

6 ஜூலை, ஞாயிறு

கூட்டத்துக்கு முன்பே அங்கம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். இன்று போவோம், நாளை போவோம் என்று தள்ளி, கடைசியில் கூட்டம் முடிந்த மறுநாள்தான் போனேன். நடந்தது நடந்திருந்தாலும், அவள் வழிமொழிந்தது எப்படிப்பட்ட தப்பு என்று புத்தி சொல்லிவிட்டு வரலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்தாள்.

"நேத்துக் கூட்டம் எப்படி?"

"அத ஏண்ணே கேக்கறீங்க. நாக்காலியா அது? முட்டி போச்சு."

"என்ன பேசுனாங்க?"

"யாரோ டீச்சர வேலைய விட்டு நிறுத்தணுமாம். நான் வழிமொழியணுமாம். அந்தப் பொண்ணு என்ன செஞ்சிச்சுன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல." பழங்களைத் திருப்பிப் போட்டாள். "முன்ன பின்ன தெரியாத பொண்ணு சோத்துல நான் எதுக்குண்ணே மண்ணள்ளிப் போடணும்? முடியாதுன்னுட்டேன்."

"மத்தவங்க?"

"அவங்களா? ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு இருந்தானுங்க. அந்தப் பொண்ணு வெளியதான் உக்காந்திருந்திச்சு. 'எந்திரிச்சுப் போயி உன் பிள்ளைங்களப் பாரு'ன்னுட்டு நான் கடைக்கு வந்துட்டேன்."

"உனக்குப் பயமா இல்லியா அங்கம்மா?"

கரண்டியை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எதுக்குண்ணே பயம்? சரி, உங்களுக்கு எத்தனை?"

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போன பேச்சு ஒன்று வாயிலேயே இருந்தது. நான்கு என்றேன்.