பாசம் வந்துச்சாக்கா?

அடியே,

இன்று காலை அசாம் ஜாவா ஊர்த் தேவாலய மண்டபத்துக்குள் நுழைந்ததும் குழந்தைத் தைல வாசனை குப்பென்று அடித்தது. பிள்ளை பெற்ற பெண்கள் மனம்விட்டுப் பேச நாங்கள் தொடங்கியிருக்கும் கூட்டத்துக்கு இன்றுதான் முதல் நாள். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம்! உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அந்தப் பாழும் நோய் உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால், மண்டபமே அதிர நீதான் கத்திக்கொண்டிருப்பாய்.

அந்த வாசனை என்னை ஈஜோக் வீட்டுக்கே இழுத்துப்போனது. மகள் பிறந்த புதிது. நான் அழுதுகொண்டே கிடந்தேன். "பச்சை ஒடம்புக்காரி வெள்ளரிக்காய தின்னா. காத்து பூந்துருச்சு" என்று மாமியார் முடிவே கட்டிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த நீ, "வெள்ளரிக்கா தின்னா வயிறுதான் வலிக்கும் லா ஆன்ட்டி, இப்படியா அழ வைக்கும்?" என்றாய். வந்தவர்கள் எல்லாரும் தொட்டிலுக்கு ஓட, நீ மட்டும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாய்.

"பிள்ளைய பாத்தா எனக்கு ஒன்னுமே தோணலடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டேன். ஒரு தாய் பேசுகிற பேச்சா அது? நீ பதறவில்லை. "சரி. பிள்ளைக்கு ஊசி போடப் போறப்ப நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொல்லுவோம். இதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றாய். கிளினிக்கில் நான் உள்ளே பேசி முடிக்கும்வரை, வீல் வீலென்று கத்திய என் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாய். "ஒன்ன மாதிரியே தொண்டடி இவளுக்கு!" என்று திட்டு வேறு. மருந்தும் பேச்சுமாக நான் தேறி வர மாதக்கணக்கானது.

இன்று புக்கிட் பெருந்துங்கிலிருந்து ஓர் இளம் தாய் வந்திருந்தாள். கூட்டத்தில் நான் என் கதையைச் சொன்னபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கிளம்பியபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நான் சொன்னதையே சொன்னாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஒங்களுக்கு அப்புறமாச்சும் பாசம் வந்துச்சாக்கா?"

"வந்துச்சும்மா. மெதுவாதான் வந்துச்சு. இப்ப அவ காலேஜ்ல இருந்து போன் பண்ணலன்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது லா."

சிரித்தாளடி! கண்ணீரோடு சிரித்தாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை அவளோடு கிளினிக்குக்குப் போகிறேன். அவள் பேசி முடிக்கும்வரை அவள் பிள்ளை என் தோளில்தான். பதறாமல் இருக்க உன்னிடம்தான் கற்றேன். அதை நான் இன்னும் விடவில்லை.